ஓரத்தில் நின்றவள்

சங்கத்தின் ஆண்டு மலர் கணினியில் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் சங்க விருந்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு ஜேபெக் படத்தைப் போட்டார்கள். போட்ட கையோடு, இடம் போதவில்லையென்று வலது ஓரத்தை வெட்டினார்கள். ஓரத்தில் கரண்டியோடு நின்ற சமையல்காரம்மா மரகதவல்லி காணாமல் போனாள்.

“அத்தனை பேருக்கும் சோறு போட்டவளைத் தொலைச்சிட்டேனே” என்று படம் அழுதது.

“தொலையலை. இங்க படத்தை வெட்டினா மறையும், அவ்வளவுதான்” என்றது பக்கத்திலிருந்த பத்தி. படம் நம்பவில்லை.

மறுநாள் யாரோ மரகதவல்லி எங்கே என்று கேட்க, வெட்டிய ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்தார்கள். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். படத்துக்குப் போன உயிர் திரும்பியது.

அவளுக்கு இடம் விட, பத்தியில் நான்கு வரிகளை அழித்தார்கள்.

“உன் வரியெல்லாம் திரும்பி வருமா?” என்று படம் பதறியது.

“வராது” என்றது பத்தி. “தலைவரைப் புகழ்ந்த வரிங்க. இப்பத்தான் மூச்சு விட முடியுது.”