லைட் அடித்த புண்ணியம்

மாத்தறையில் விடியப்புறம் கிளம்பிய கார் கந்தளாயைத் தாண்டிப் பறந்தது. எதிரே வந்த லொறி லைட் அடித்ததும், கனகசுந்தரம் நல்ல பிள்ளையாய் வேகத்தைக் குறைத்தார். வளைவுக்கு அங்கால் போக்குவரத்துப் பொலிஸ்!

“காலமையில இருந்து இப்பிடித்தான் தப்பி வாறம். நல்ல சனமப்பா!”

“அப்ப நீங்களும் லைட் அடிச்சுச் சொல்லுங்கோவன்,” என்றாள் மனைவி யோகமலர்.

கப்பல்துறையிலும் பொலிஸ் நின்றது. அதைத் தாண்டியதும், எதிரே வந்த அத்தனை பேருக்கும் லைட் அடித்துப் புண்ணியம் தேடிக்கொண்டார்.

வீட்டை நெருங்கும்போது அவருடைய கைபேசி அலறியது. யோகமலர் ஸ்பீக்கரில் போட்டாள்.

“சேர், கொன்ஸ்டபிள் ஹஸ்மி கதைக்கிறன். நீங்கள் லீவில நிக்கிற நேரம் பாத்து, ஆரோ கார்க்காரன் லைட் அடிச்சு எங்களைக் காட்டிக் குடுத்திட்டான். கப்பல்துறையில ஒருத்தரும் மாட்டுறாங்களில்லை!”

யோகமலர் கைபேசியைப் பொத்திப் பிடித்தாள்.

“ஆள் எனக்குப் பக்கத்திலதான் இருக்கிறார் எண்டு சொல்லட்டோ, சார்ஜன்ட்?”