சிவப்பின் அழுகை

பழைய துணிக்கடையிலிருந்து, ஒட்டுப் போர்வைக்கென்று தைத்த இரண்டு துண்டுகள் ஒரு வீட்டுக்கு வந்தன. ஒன்று சிவப்பு, இன்னொன்று வெள்ளை. இரண்டும் ஓரத்தில் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. முதல் முறை நனைந்ததுமே சிவப்பின் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. காய்ந்துவிட்டால் கறை போகாது என்று அவசரமாக வெந்நீர் வாளியில் ஊறப்போட்டார்கள்.

“ஐயோ, உன்னைக் கெடுத்துட்டேனே!” என்று சிவப்பு அழுதது. அழ அழ இன்னும் சாயம் கரைந்தது.

“அழாதே! நீ அழுறதெல்லாம் என்மேலதான் ஏறுது” என்றது வெள்ளை.

“கோபமா? மன்னிச்சிடு!” என்று சிவப்பு மேலும் விசும்பியது.

“இன்னும் எத்தனை தண்ணிதான் மாத்துறது? கொஞ்சம் சும்மா கிட, தாயே!” என்று வாளி கத்தியது.

பயந்துபோய் சிவப்பு வாயை மூடிக்கொண்டது. அடுத்த தண்ணீர் தெளிவாக நின்றது. வெள்ளையும் வெளுத்தது.

கொடியில் போட்டபோது வெள்ளையின் மூலையில் லேசான ரோஜா நிறம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் சிவப்பின் உதடு துடித்தது.

“ஆரம்பிச்சிடாதே! இது சாயமில்லை, வெயில் பட்டுச் சிவந்திருக்கு” என்று வெள்ளை அவசரமாகப் பொய் சொன்னது.

“அடடா, வெயில் சுடுதா? நான் மறைச்சுக்கிறேன்!” என்று ஈரம் சொட்டச் சொட்ட வெள்ளைமேல் மடிந்து விழுந்தது சிவப்பு.

வாளி மறுபடியும் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனது.