பதினேழு மணி நேரம்

பினாங்கு நேரம் மாலை ஐந்து மணிக்குக் கோகிலன் லண்டன் விமான நிலையத்திலிருந்து அக்கா தனுஜாவை வீடியோவில் அழைத்து, "இப்பதான் பிளைட் ஏறப்போறேன்லா அக்கா" என்றான். பினாங்கு வந்துசேரப் பதினேழு மணி நேரமாகும். ஐந்து நாற்பதுக்குப் பாயான் லெப்பாஸில் அவள் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றான். கோட்டின் தோளில் பனி இன்னும் கரையவில்லை.

எப்படி வந்தாய் என்று தனுஜா கேட்கவில்லை, வழியும் விடவில்லை. போன மாதம் அப்பா இறந்தபோது, எடுப்பதற்குள் வந்துசேர முடியாது என்று சொல்லிவிட்டவன் அவன். கொள்ளி வைத்தது அவள் கணவர்.

"நாப்பது நிமிஷத்துல வரத் தெரிஞ்சவன் அப்பாவுக்கு ஏன்டா வரல?"

"வந்தேன்க்கா," என்றான் கோகிலன். "சுடுகாட்டுல அத்தான் பக்கத்துலதான் நின்னேன், யாரு கண்ணுக்கும் தெரியல. கொள்ளிய வாங்கக் கை நீட்டினேன். யாருமே குடுக்கல."