கல்லின் முன்பக்கம்

"அந்த ஒன்பது நாள் எங்க இருந்தீங்கம்மா? இதுவரைக்கும் நீங்க சொல்லவே இல்லையே."

கணினித் திரையில் ராணுவ மறுஆய்வுக் குழுவின் ஐந்து முகங்கள். நடுவில் இருந்த கர்னல்தான் கேட்டார்.

ஊர் நூலகத்தின் சிறிய அறையில், என் பக்கத்தில், தேவாலயத்துக்குப் போகும் நீல உடையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

1987 அக்டோபர், பன்னிரண்டு முதல் இருபது வரை. அனுமதியில்லாமல் முகாமை விட்டுப் போனதற்காக அமெரிக்க ராணுவம் சிப்பாயாக இருந்த அவளை வெளியே அனுப்பியது. 'நற்பெயரின்றி' என்று தாளில் எழுதி அனுப்பியது. அந்த ஒரு சொல்லை மாற்றித் தரும்படிதான் அம்மாவின் விண்ணப்பம்.

கர்னல் கனிவானவர். படைவீரர் கல்லறையில் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இதெல்லாம் என்றால் கவலையே வேண்டாம் என்றார். சார்ஜென்ட் கிளைட் டாலிவரின், அதாவது என் அப்பாவின், மனைவி என்ற முறையில் அவளுக்கு அங்கே இடம் உண்டு.

"தெரியும் சார். அவரு கல்லோட பின்பக்கம். என் பேரு, கீழ 'அவர் மனைவி'ன்னு. நாலு வருஷம் ராணுவ லாரிக்கு அடியில படுத்து ரிப்பேர் பார்த்தப்ப என்னை யாரும் மிசஸ் டாலிவர்னு கூப்பிடல."

திரையில் ஒரு முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

அப்பா மார்ச்சில் இறந்தார். தன் பிரிவின் ஆஜர் பட்டியலைத் தானே எழுதி, இருபது வருட ராணுவ சேவையில் ஒரு நாள்கூட அதில் தன் பெயர் விடுபடாத மனிதர் என்று அடக்கத்தில் பேசினார்கள். வெள்ளைக் கல் நட்டபோது அம்மா அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். எழுத்தில்லாத பளிங்கை விரலால் தட்டிப் பார்த்தாள். அழவில்லை. மறுநாளே விண்ணப்பம் போட்டாள்.

எங்கே போனாய் என்று சிறுவயதில் நானும் கேட்டிருக்கிறேன். அம்மா அப்பாவைப் பார்ப்பாள். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

யாரோ ஒருவனோடு ஓடிப்போயிருக்கிறாள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அப்படிப்பட்டவளை அடுத்த வருடமே மணந்துகொண்ட அப்பாவின் பெரிய மனதை நினைத்து, அவரைக் கூடுதலாக நேசித்தேன். அம்மாவைக் கொஞ்சம் குறைத்து.

"சொல்லலேன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

அம்மா கைப்பையைத் திறந்தாள். ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

ஏதோ ஒரு மோட்டலின் வாசல். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி: 1987 அக்டோபர் 16. ஒல்லியான அம்மா, கையில் பாதி தின்ற சோளக்கதிர். அவள் தோளில் கை போட்டு, கண் மூடிச் சிரிக்கும் ஓர் ஒட்டவெட்டிய தலை.

கர்னல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே வந்தார்.

"பக்கத்துல யாரு?"

நானும் குனிந்தேன். அந்தக் காதுகளை எனக்குத் தெரியும். தினமும் காலையில் என் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அம்மா படத்தை இறக்கவில்லை.

"கல்லுல முன்பக்கம் பேரு இருக்கே சார், அவருதான்."