வெள்ளிமுடிக்காரன்

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதியம். கூலரின் ஈரக்காற்றில் திரைச்சீலை உப்பி உப்பி அடங்குகிறது. டிவியில் ஐந்து கொரியப் பையன்கள் ஊதா வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். எல்லாம் கார்ட்டூன், பேச்சு ஹிந்தி, பாட்டு மட்டும் கொரியன். மகள் ஜெனிஷா தரையில் சம்மணமிட்டு, ஒரு சொல் பிசகாமல் கூடவே பாடுகிறாள். நர்ஸ் பிலோமி கட்டிலில் யூனிஃபார்மை மடித்தபடி, வார்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்த ஆளைப் பார்ப்பதுபோல் அந்த வெள்ளிமுடிக்காரனையே பார்க்கிறாள். மற்ற நால்வருக்கும் மேடையில் நிழல் விழுகிறது. இவனுக்கு இல்லை.

“ஏட்டி, இவன் மனுசன் இல்ல. பேயி.”

“நரிப்பேய்மா. ஆனா அச்சா வாலா.”

“பேயில என்ன நல்ல பேயி? சிரிப்பே சரியில்ல.”

பிலோமியின் சந்தேகம் மகள் பக்கமும் திரும்புகிறது. ஜெபமாலை பாதியிலேயே கொட்டாவி விடுகிற பிள்ளை, இதற்குக் கண் இமைக்காமல் இருக்கிறது.

திரையில் மேடை சரிகிறது. வெள்ளிமுடிக்காரன் நால்வரையும் வெளியே தள்ளிவிட்டு, தான் மட்டும் உள்ளே சிக்கிக்கொள்கிறான். கூட்டத்தின் கைவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைய அணைய அவன் மூச்சும் அடங்குகிறது. பாட்டு நின்றுவிட்டது; கூலர் மட்டும் இரைகிறது. வார்டில் யார் கண்ணை மூடினாலும் தானாக வருகிற வாக்கியம் பிலோமியின் வாயில் வந்துவிடுகிறது.

“நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே.”

ஜெனிஷா மெதுவாகத் திரும்பி, சிலுவை போடப் போய் நெற்றியிலேயே நின்றுவிட்ட அம்மாவின் விரல்களைப் பார்க்கிறாள்.

“பேய்க்காம்மா?”