நாலு மணிக்கு மேல்

அந்த முதியோர் இல்லத்தில் நாலு மணிக்கு மேல் யாருக்கும் தண்ணீர் கிடையாது. குடித்தால் ராத்திரி படுக்கை நனையும் என்று மேற்பார்வை பார்க்கும் மனோரஞ்சிதம் போட்ட சட்டம். தண்ணீர்க் கேனை அலுவலக அறையில் வைத்துப் பூட்டிவிடுவாள். போன வாரம் வைரவனின் பக்கத்துக் கட்டில் தர்மலிங்கம் காய்ச்சலில் நாக்கு வறண்டு கெஞ்சினார். மதியமே ஒளித்துவைத்திருந்த டம்ளர் தண்ணீரை வைரவன் அவரிடம் நீட்டியபோது, மனோரஞ்சிதம் பிடுங்கித் தரையில் கொட்டினாள். "நனைஞ்சா உங்க மகனா வந்து துவைப்பான்?" காலையில் தர்மலிங்கம் விறைத்துக் கிடந்தார்.

அதற்குப் பிறகும் வைரவன் தினமும் ஒரு டம்ளர் ஒளித்துவைத்தார். இன்று யாரோ பிறந்தநாளுக்கு அனுப்பிய லட்டை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக் கொடுத்த மனோரஞ்சிதம், மிச்சத்தைத் தன் வாயில் அடைத்துக்கொண்டே அவர் கட்டிலருகே வந்தாள். தொண்டையில் சிக்கியது. கண் பிதுங்க, மார்பில் குத்திக்கொண்டு கையை நீட்டினாள். வைரவன் கட்டிலுக்கடியிலிருந்து டம்ளரை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால். பிறகு அவள் முகத்தைப் பார்த்தபடியே, கடைசிச் சொட்டுவரை நிதானமாகத் தன் மெத்தையில் ஊற்றினார்.

"படுக்கை நனைஞ்சிருச்சு மேடம்," என்றார். "துவைக்க ஆளைக் கூப்பிடுங்க."