ஒட்டிலியின் கண்

"ஒட்டிலி அம்மா, உங்க கண்ணு போச்சு."

முதலாளி ஐஸெலே ஒரு குழந்தை பனியனைத் தூக்கிக் காட்டினார். அக்குளுக்குக் கீழே சின்ன ஓட்டை.

ஒட்டிலிக்கு முகம் சிவந்துவிட்டது. ஜெர்மனியின் அந்த ஷ்வாபிய மலையூர் பனியன் கம்பெனியில் செக்கிங் என்றால் அவள்தான். யுத்தத்துக்கு முன்னாலிருந்தே அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டை வெளியே போனதில்லை. இப்போது இது மூன்றாவது தடவை.

"நேத்து நானே பார்த்து அடுக்கினேன், முதலாளி. நல்லாத்தான் இருந்துது."

"இப்போ இல்லையே. செகண்ட்ஸ்ல போடுங்க."

விற்க முடியாத குறையுள்ள பனியனை, அதாவது செகண்ட்ஸை, அதைத் தைத்தவளே வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அது அங்கே பழைய வழக்கம். இதைத் தைத்த லீஸ்பெத் வந்து வாங்கிக்கொண்டாள். ருஷ்யாவுக்குச் சண்டைக்குப் போன புருஷன் திரும்பாமல், மூன்று பிள்ளைகளோடு அல்லாடுகிறவள்.

"கண்ணாடி எப்போ வாங்கறீங்க, அக்கா?" என்றாள் தையல்காரி ஒருத்தி.

"எனக்கெதுக்குடி கண்ணாடி? வயசாச்சுன்னு என்னை வெளியே தள்ளப் பார்க்கறாரு மனுஷன்."

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனதும், ஒட்டிலி துணிக்கட்டுகளுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டாள்.

முதலாளி வந்தார். லீஸ்பெத் தைத்த கட்டைப் பிரித்தார். கோட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ஒரு பனியனில் நறுக்கினார்.

"இதுக்கு என்னை வேலைய விட்டு நேரா போகச் சொல்லியிருக்கலாமே, முதலாளி" என்று ஒட்டிலி வெளியே வந்தாள்.

அவர் திடுக்கிட்டுத் துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"திங்கட்கிழமை ஊரே துணி காயப்போடுது. எல்லாரும் உள்ளாடைய நடுக்கொடியில போட்டு, ரெண்டு பக்கமும் படுக்கை விரிப்பை வச்சு மறைச்சிருவாங்க. லீஸ்பெத்கிட்ட மறைக்க விரிப்பு ஏது? பிள்ளைங்க பனியன் எல்லாம் ஒட்டு மேல ஒட்டு. பனியன் செய்யறவன் அதைப் பார்த்துட்டு எப்படிம்மா போறது?"

"கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியதுதானே?"

"கொடுத்தேன். பிச்சை வேண்டாம்னு திருப்பி வச்சுட்டா. ஓட்டை இருந்தா வாங்கிக்குவா, அது அவ உரிமையாச்சே." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க பேரைக் கெடுத்துட்டேன். இனிமே நிறுத்திடறேன்."

 ஒட்டிலி அவர் கையிலிருந்து பனியனை வாங்கிக்கொண்டாள்.

மணியடித்துப் பெண்கள் திரும்பினார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஒட்டிலி குரல் கொடுத்தாள்.

"லீஸ்பெத், இதுலயும் ஒரு ஓட்டைய விட்டுட்டேன். என் கண்ணு சரியில்ல. எடுத்துட்டுப் போம்மா."

"கண்ணாடி, அக்கா?" கூடம் முழுக்கச் சிரித்தது.

"வாங்கணும்டி" என்றாள் ஒட்டிலி. மேஜைக்கு அடியில் அவள் கை கத்தரிக்கோலைத் தேடியது. பிள்ளைகள் மூன்று பேராயிற்றே, ஆளுக்கு ஒரு பனியன் போதுமா?